சிறுவாடு

"பாவநாசம் எத்தன அடின்னு பேப்பர்ல பாத்தியாய்யா?"

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கன்னடியன் கால்வாயை ஒட்டிய அந்த ஊருக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியம்மை கேட்ட முதல் கேள்வி இது. சாப்பிட்டாயா என்பது இரண்டாவதாக வந்தது. பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. தாமிரபரணிப் பக்கம் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களுக்கும் இந்த இரண்டு எண்களும் தெரியும். மற்ற ஊர்களில் தங்கம் விலை பார்ப்பதுபோல இங்கே அணை நீர்மட்டம் பார்ப்பார்கள்.

ஆனால் பெரியம்மைக்கு வயல் கிடையாது. இருந்த வயலும் பெரியப்பா உயிரோடு இருந்தபோதே கைமாறிவிட்டது. மிச்சம் இருப்பது ஓர் ஓட்டு வீடும், அதன் பின்னால் பதினாறு சென்ட் புறவாசலும்தான். அணையில் எத்தனை அடி இருந்தால் இவளுக்கு என்ன என்று நினைத்தேன். அவள் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். கைக்கு எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் தெரிந்தது.

"கால்வா ஓடுதுல்லா, அதான் இம்புட்டு கெடக்கு. கால்வாய அடைச்சா எட்டே நாள்ல வாளி தரை தட்டும்."

கால்வாயிலிருந்து ஊறுகிற கசிவில்தான் கரையோரக் கிணறுகள் எல்லாம் உயிர் வாழ்கின்றன. பாசனக் கணக்குப் புத்தகத்தில் இந்தக் கிணறுகளுக்கு இடம் இல்லை. தண்ணீர் திறப்பதும் அடைப்பதும் கார், பிசானம் என்னும் இரண்டு நெல் போகத்துக்கும்தான். அந்த ஓட்டத்தின் விளிம்பில்தான் பெரியம்மையின் வெண்டையும் புடலையும் காய்க்கின்றன.

தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாள் ஆகியிருந்தது. நான் போனது வேறு காரியமாக. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும், மேலே கோடைமேலழகியானில் தொடங்கிக் கீழே திருவைகுண்டம் வரை, வரிசையாகப் பார்த்து எழுதுவதாக உத்தேசம். முதல் நாள் காலையிலேயே அந்தத் திட்டம் கெட்டது. கெடுத்தது ஒரு கோழி.

விடியுமுன் ஐந்து மணிக்குக் கண் விழித்தால், கட்டிலுக்கு அடியில் கொக்கரிப்பு. பெரியம்மை கட்டிலுக்குக் கீழே ஓலைப்பெட்டியில் மணல் பரப்பி, பதினோரு முட்டை போட்டு அவயத்துக்கு வைத்திருக்கிறாள். மணலுக்குள் ஓர் இரும்புத்துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த வத்தல். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்கவாம். இடிக்கும் கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சம்பந்தம் பாத்தா சாம்பாருக்குத்தான் வைக்கணும்" என்றாள். இருபத்தோரு நாளில் பொரிக்கும். அன்று பதினேழாவது நாள். தாய்க்கோழி ஒரு நாளைக்கு ஒரே தடவை எழுந்து, அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். அது எழுந்த அந்தக் கால்மணி நேரத்தில்தான் நான் விழித்திருக்கிறேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. பெரியம்மையின் பின்னாலேயே நடந்தேன். அன்று மட்டுமல்ல, ஊரில் இருந்த நேரமெல்லாம்.

நடந்து பார்த்தால்தான் தெரிகிறது, அந்தப் பதினாறு சென்டில் எதுவும் ஒரே வேலைக்காக இல்லை. அரிசி கழுவின தண்ணீர் கழனிப்பானைக்குப் போகிறது. அதில் தவிடும் புண்ணாக்கும் கலந்து செவலைப்பசு குடிக்கிறது. பசுவின் சாணியில் ஒரு கை முற்றம் தெளிக்க, மிச்சம் உரக்குழிக்கு. மீன் கழுவின தண்ணீர் முருங்கை மூட்டுக்கு. புளித்துப்போன மோர் கறிவேப்பிலைக்கு. அடுப்புச் சாம்பல், அசுவினி பிடித்த அவரைக்கொடியின் மேல் பனி காய்வதற்குள் தூவ. பல் தேய்த்துக் கொப்பளித்தால்கூட வாழை மூட்டைப் பார்த்துக் கொப்பளிக்கச் சொல்கிறாள். வேலி கிளுவை, அதை மாதம் ஒருதடவை கழித்துவிட்டால் ஆட்டுக்குத் தழை. பூவரசும் ஆட்டுக்குத்தான். ஆடு இரண்டு, இரண்டும் கன்னி ஆடு. கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக்கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறத்தில் இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, விருதுநகர் கரிசல்காட்டு ஆடு இது. ஈரவாடை அதிகமுள்ள ஆற்றங்கரையில் இதை வைத்துக் காப்பாற்றுவது சிரமம் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னார். பெரியம்மைக்குக் கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை. குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள்தான் அவளுடைய கணக்கு வழக்கு எனக்குப் பிடிபட்டது.

பால் சொசைட்டிக்குப் போகிறது. முன்பு வாரம் ஒருதடவை காசைக் கையில் எண்ணிக் கொடுப்பார்கள். இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. விழுந்ததும் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் போனுக்குத் தகவல் போகிறது. அவன் நல்ல பிள்ளைதான், ஒரு பைசா எடுப்பதில்லை. ஆனால் "எம்மா, இந்த வாரம் என்ன குறையுது?" என்று கேட்பான். ஆடு விற்றாலும் அப்படித்தான். ஆடு பெரிய உருப்படி, தொழுவில் ஒன்று குறைந்தால் தெருவுக்கே தெரியும். கோழி அப்படி இல்லை.

"கோழிய எவன்யா எண்ணுவான்?"

நாட்டுக்கோழி முட்டை, சேவல், கீரைக்கட்டு, பிச்சிப்பூ, பனங்கிழங்கு, தெருவில் யாருக்காவது கைம்மருந்துக்குக் கொடுக்கும் ஓமவல்லி இலை. இவற்றில் வருகிற காசு எந்த நோட்டுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அடுக்களையில் உளுந்துப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா இருக்கிறது. அதற்குப் பெயர்தான் சிறுவாடு. பேத்திக்குக் கம்மல் வாங்கினது, பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகக் கார் பிடித்தது, பாபநாசத்துக்கு ஆடி அமாவாசைக்குப் போய்வந்தது, எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். இந்த நதியைப் பற்றி எழுதுகிறவர்கள் நெல்லைப் பற்றியும் அணைக்கட்டு கட்டிய ராஜாக்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த நீரின் கடைசிச் சொட்டு உளுந்துப் பானைக்குப் பின்னால் போய்ச் சேர்வதை நான் இதுவரை எழுதவில்லை.

ராஜாக்கள் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. கன்னடியன் கால்வாயை வெட்டியது ராஜா இல்லை என்பதுதான் இங்குள்ள கதை. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒரு பிராமணர், அகத்தியர் சொற்படி ஒரு பசுவின் பின்னால் போனாராம். பசு நடந்த வழியெல்லாம் கால்வாய், கோமியம் விட்ட இடமெல்லாம் மடை, படுத்த இடமெல்லாம் குளம். சேரன்மகாதேவியில் கால்வாய்க்கரையில் இருக்கும் மிளகுப் பிள்ளையாருக்கு மழை வேண்டி மிளகை அரைத்துப் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் கலக்க வேண்டும். வளைந்து வளைந்து போகிற கால்வாயைக் கரையில் நின்று பார்த்தால் பசு கதையை நம்பத்தான் தோன்றுகிறது. மேடு ஏறாமல், பள்ளத்தில் இறங்காமல், மட்டத்தைப் பிடித்துக்கொண்டு போவதற்கு மாட்டைவிட நல்ல சர்வேயர் யார்? பெரியம்மைக்கு மட்டும் அந்தப் பசுவின் மேல் ஒரு வருத்தம் உண்டு. "நம்ம ஊருக்கு மேக்க கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம். ஒரு குளம் ஆயிருக்கும்."

புறவாசலில் தென்மேற்கு மூலையில் இரண்டு பாத்தி வெறுமையாகக் கிடந்தது. சிறுகிழங்கு எடுத்த பாத்தி. சிறுகிழங்கு இல்லாமல் திருநெல்வேலியில் பொங்கல் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது கூர்க்கன் கிழங்கு, கூர்க்கா என்றெல்லாம் தெரிந்திருக்கும். பார்க்கச் சேப்பங்கிழங்கின் குட்டி மாதிரி இருந்தாலும் இது வேறு குலம், துளசி, ஓமவல்லியின் சொந்தம். பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். கிழங்கை நட்டால் பெரிய விளைச்சல் வராது. முதலில் விதைக்கிழங்கை ஒரு மூலையில் நாற்றங்காலாக வைத்து, கொடி படர்ந்ததும் நுனியை ஒரு சாண் அளவுக்குக் கிள்ளி, ஆடி ஆவணியில் பாரில் நட வேண்டும். நாலைந்து மாதம். மார்கழிக் கடைசியில் இலை பழுத்துக் கொடி சாயும்போது வெட்டலாம்.

வெட்டுவது சுலபம், தோல் உரிப்பதுதான் சோதனை. ஒவ்வொன்றாகச் சீவினால் அரைக்கிலோவுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும், கையும் கறுத்துவிடும். பெரியம்மை ஊற வைத்த கிழங்கைச் சணல்சாக்கில் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்து, துவைக்கிற கல்லில் போட்டு அப்படியும் இப்படியும் உருட்டித் தேய்த்தாள். சாக்கின் சொரசொரப்பில் தோல் எல்லாம் கழன்றுவிட்டது. தோல் உரக்குழிக்கு. அந்தத் தண்ணீரையும் அவள் கீழே விடவில்லை. மத்தியானம் தேங்காய் அரைத்துவிட்ட சிறுகிழங்குப் பொரியலும் தடியங்காய்க் குழம்பும். அந்த மண்வாசனையோடு கூடிய மாவுச் சுவையைச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது; தின்றவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் மாட்டாஸ்பத்திரிக்கு நானும் கூடைதூக்கியாகப் போனேன். சனிக்கிழமை கோழிகளுக்குக் கழிச்சல் தடுப்பூசி போடும் நாள். அந்த நோய்க்கு உலகத்தில் இரண்டு ஊர்ப்பெயர் உண்டு. 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம் கண்டதால் அங்கே நியூகாசில் நோய். அடுத்த வருடமே இமயமலைப் பக்கம் ராணிகேத்தில் கண்டதால் இந்தியாவில் ராணிகேத். பெரியம்மைக்கு அது வெள்ளைக்கழிச்சல். வந்தால் ஒரு தெருவுக்கோழி மொத்தமும் நாலே நாளில் கழுத்து திருகிச் செத்துப்போகும். வரிசையில் நின்ற இருபது பேரில் ஆண்பிள்ளை என்னையும் சேர்த்து மூன்று பேர். கட்டைப்பையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சேவல்கள், பஞ்சாரத்தில் விடலைக்கோழிகள், ஒரு சின்னப்பெண் பாவாடை மடியில் இரண்டு குஞ்சு. பெரிய கோழிக்கு இறக்கையடியில் ஊசி, குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு. பேச்செல்லாம் எந்தக் கோழி எங்கே முட்டையிடுகிறது, எந்த வீட்டுக் கீரி எந்த வீட்டுக் குஞ்சைத் தூக்கியது என்பதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் போய் முட்டையிடும் கோழியால் இரண்டு குடும்பம் மூன்று வருடமாகப் பேசுவதில்லை என்ற தகவல் அங்கே கிடைத்தது.

திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெரியம்மை 2023 டிசம்பரைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பாலத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது, அதைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. கோலம் போட்ட மாவு காய்வதற்குள் பிடித்த மழை அன்று முழுவதும் விடவில்லை. அந்த ஒரு நாளில் கடற்கரைக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பது பிறகு செய்தியில் வந்தது. இரவில் புறவாசலில் நின்றவளுக்குத் தெரிந்தது, கிணறும் தரையும் ஒரே மட்டமாக இருக்கிறது என்பது மட்டும்தான். பசுவின் தும்பை அரிவாள்மணையால் அறுத்துவிட்டாள். அது தன்பாட்டுக்கு மேட்டுத்தெருக் கோயில் மண்டபத்துக்குப் போய் நின்றுகொண்டது. ஆடுகளை எதிர்த்த மச்சு வீட்டு மாடிக்கு இழுத்துப் போனாள். கோழிகளுக்காகத் திரும்பி வர முடியவில்லை, தெருவில் இடுப்பளவு ஓட்டம்.

"கீரிக்குப் பயந்து மூணு பஞ்சாரத்துலயும் மூடி, மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்சிருந்தேன். மூடி வச்சது பதினாலும் போச்சு. அடங்காம தொழு உத்திரத்துல ஏறி நின்ன மூணு தேவடியா செறுக்கிக மட்டும் பொழச்சுக் கெடந்துது."

இப்போது இருக்கும் கோழிகள் அந்த மூன்றின் வாரிசுகள். ஐப்பசி பிறந்தால் தை முடியும்வரை அவள் பஞ்சாரத்தின் மேல் கல் வைப்பதில்லை. கீரி கொண்டுபோவதைக் கொண்டுபோகட்டும் என்று விட்டுவிடுகிறாள்.

மேற்கே மலையடிவாரத்தில், கடையம் பக்கம், தம்பி முறையாகும் ஒருவனுக்கு அரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. ஒரு நாள் அங்கேயும் போய்வந்தேன். 1988-ல் களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆனது. அதன் விளிம்பில் குடியிருப்பது என்றால் இரவுக்குக் காதை ஒப்புக்கொடுத்துவிட வேண்டும். காட்டுப்பன்றி ஒரே இரவில் நூறு வாழைக்கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போடும். கரடி சப்போட்டா மரத்தடிக்கு வரும். நாய் காணாமல் போனால் சிறுத்தை என்று பேசாமல் புரிந்துகொள்கிறார்கள். 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஓர் அரசு ஏற்பாடு வந்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு மேல் வனத்துறையினர் சுடலாம். தம்பியின் தோட்டம் முதல் கிலோமீட்டருக்குள். "பன்னி கரெக்டா அளந்துதாண்ணே வருது" என்றான். அவன் புறவாசலில் கோழி இல்லை, ஆடு இல்லை. கம்பிவேலி, டார்ச் லைட், தகரம் தட்டும் கம்பு. அவன் மனைவியிடம் சிறுவாடு உண்டா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மறுநாள் கூந்தன்குளம். பஸ் மாறி மாறி, திருநெல்வேலி போய், மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனேன். தாமிரபரணி இங்கே ஓடவில்லை. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியே இந்தக் குளத்துக்கு வருகிறது. 1994-ல் சரணாலயம் ஆனது. ஆனால் பறவைகளுக்கு அறிவிப்புப் பலகை பொருட்டல்ல, அவை ஊருக்குள்ளேயே கூடு கட்டுகின்றன. வீட்டுப் புளியமரத்தில், வேம்பில், மாட்டுத்தொழுவுக்கு மேலே உள்ள கருவேலத்தில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. குளத்தில் மங்கோலியாப் பக்கத்திலிருந்து வந்த வரித்தலை வாத்துகள். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்த பால்பாண்டி என்பவரால் இந்த ஊர் வெளியே தெரிந்தது. தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு போனதுதான். படிக்காத ஒன்று, நாற்றம். மரத்தடி முழுக்க வெள்ளை வெளேர் என்று எச்சம். அதில் அழுகிய மீன். ஒரு வீட்டுப் புறவாசலில் அக்கா ஒருத்தி விளக்குமாறும் சாம்பலுமாக நின்றாள். தினமும் இரண்டு தடவை கூட்ட வேண்டுமாம். கஷ்டம் இல்லையா என்று கேட்டேன்.

"கஷ்டம் என்ன கஷ்டம். துணி காயப்போடத்தான் எடமில்ல. ஆறு மாசம் எல்லாம் வீட்டுக்குள்ளதான் காயுது. பள்ளிக்கொடத்துச் சட்டைல வாடை போகாது."

குளத்தில் கரையும் எச்சம் பாசனத்தோடு வயலுக்குப் போகிறது, குளத்து வண்டலும் உரம். ஆகவே ஊர் பறவைகளைக் காக்கிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். உண்மைதான். அந்தக் கணக்கில் உரம் வயலுக்குப் போகிறது, விளக்குமாறு புறவாசலில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அக்காவின் மரத்தில் ஏழு கூடு இருந்தது. ஒன்றிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்று, காலில் துணிக்கட்டோடு, அவள் வீட்டு நெல் குத்தும் உரலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து அலகைத் தட்டியது.

இரவு திரும்பி வந்து பெரியம்மையிடம் விவரமாகச் சொன்னேன். மங்கோலியாவை எல்லாம் சாப்பாட்டுத் தட்டில் விரலால் வரைந்து காட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "முட்டையிட்டுப் பொரிச்சு, வளத்து, கூட்டிட்டுப் போயிருதா? ஒண்ணும் வைக்காமயா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல பொம்பளையாத்தான் இருக்கணும், அந்த மரத்து வீட்டுக்காரி" என்றாள்.

அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அறுப்பு முடிந்ததும் கோனார்களின் ஆட்டுக்கிடை வரும், ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வயலில் அடைப்பார்கள். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம். பெரியம்மைக்கு வயல் இல்லாததால் கிடையும் இல்லை. ஆனால் கிடை போகும் பாதையில் விழுந்த புழுக்கையை விடியுமுன் போய்க் கடகாப்பெட்டியில் அள்ளி வருவாளாம். கத்தரிக்கு அதைப்போல ஒன்று கிடையாது என்றாள்.

புறப்படும் நாளன்று கட்டிலடியில் குஞ்சு பொரித்திருந்தது. பதினொன்றில் ஒன்பது. இரண்டு கூமுட்டை. இரும்பும் கரியும் வத்தலும் என்ன செய்தன என்று நான் கேட்கவில்லை. எட்டு அணைக்கட்டில் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

பெரியம்மை ஒரு சாக்குப்பையில் இரண்டு கிலோ சிறுகிழங்கு, ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு சீப்பு நாட்டுவாழை, கறிவேப்பிலை எல்லாம் திணித்தாள். என் மகளுக்கென்று பிச்சிப்பூவை ஈர வாழைப்பட்டையில் சுருட்டி வைத்தாள். அப்புறம் தவிடு போட்ட ஒரு டப்பாவில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புதைத்து மூடி, என் கையில் கொடுத்தாள்.

"பத்து இருக்கு. ஒண்ணு பதினஞ்சு ரூவா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாலு நாள் மூன்று வேளையும் சோறு போட்டவள், கிழங்குக்கும் காய்க்கும் காசு கொடுத்தால் செருப்பால் அடிப்பவள், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இருநூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுக்களைக்குள் போய், உளுந்துப் பானை நகரும் சத்தம் கேட்டது. ஐந்து பத்து ரூபாய்த் தாளோடு வந்தாள். என் கையில் வைத்தவள், அதில் ஒன்று ஓரம் கிழிந்திருப்பதைப் பார்த்து, திருப்பி வாங்கிக்கொண்டு, மறுபடி உள்ளே போனாள்.